ஒன் டவுன் அண்ணி

எங்கள் அண்ணியை ஊரில் பாதிப் பேர் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, பதினாறு வருடமாக அண்ணியின் கால் அதன் மேல்தான் இருக்கிறது. பழக வந்தவர் லாரிக்கு முன்னால் வண்டியைத் திருப்பினாலும், நாய் குறுக்கே வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டாலும் அண்ணி கத்த மாட்டார். காலை அழுத்துவார், வண்டி நிற்கும். இப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று நிதானமாகக் கேட்பார். நானாக இருந்தால் இறங்கி நடந்து போ என்று சொல்லியிருப்பேன். நான் அவர் கணவருக்குத் தங்கை. பொறுமை என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது, அது அண்ணியோடுதான் வீட்டுக்குள் வந்தது.

கூடவே ஒரு கிரிக்கெட் பேட்டும் வந்தது. கல்யாணமான மறுவாரம் பேட்டை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பியவரைப் பார்த்து என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாங்கள் இருக்கிற இந்தச் சின்ன நாட்டுக்கும் பெண்கள் கிரிக்கெட் அணி இருக்கிறது என்று சொன்னால், அப்படியா, இருக்கிறதா என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். இருக்கிறது. டீச்சர், நர்ஸ், பேங்க்கில் வேலை பார்ப்பவர், கல்லூரிப் பெண்கள், எங்கள் அண்ணி. வேலை முடிந்து வந்து விளையாடுகிற அணி.

பயிற்சிக்கு மைதானம் கிடைக்காத நாட்களில் அண்ணிக்கு ஓர் இடம் உண்டு. மூடிப்போன பர்னிச்சர் கடை ஒன்றின் கார் பார்க்கிங். பகலில் அங்கேதான் ரிவர்ஸ் எடுக்கப் பழக்குவார்கள். காலை முதல் வகுப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம், வண்டி மோதிப் பழகுகிற அந்த ஆரஞ்சு நிறக் கூம்பை ஸ்டம்பாக வைத்து, என்னைப் பந்து போடச் சொல்வார். எனக்குப் பந்து போடவும் வராது, வண்டி ஓட்டவும் வராது. இரண்டுக்கும் என்னைத் திட்டாத ஒரே ஆள் அண்ணிதான்.

நான் ஸ்கோரர் ஆனதும் அவரால்தான். மேட்ச்சுக்குத் துணையாகப் போனவள், வெயிலுக்குப் பயந்து ஸ்கோர் எழுதுகிறவர் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்தேன். அந்த மனிதர் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் போனார், நோட்டு என் மடியில் விழுந்தது. அப்புறம் பரீட்சை எழுதி, பாஸாகி, நாட்டு அணிக்கே ஸ்கோரர் ஆகிவிட்டேன். என் சொந்த வேலை ஒரு பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்ப்பது. பிள்ளை வந்தானா, வந்தான். வரவில்லையா, வரவில்லை. ஏன் வரவில்லை என்பது என் கட்டத்தில் கிடையாது. ஸ்கோரும் அப்படித்தான். வீட்டில் வாயாடி, ஸ்கோர் அறையில் ஊமை என்று அண்ணன் கிண்டல் செய்வான். கேட்டதற்கு அளவெடுத்த மாதிரி பதில் சொல்வாள், ஒரு சொல் கூடுதலாக வராது என்று எங்கள் கோச் மற்ற அணிக்காரர்களிடம் என்னைப் பற்றிப் பெருமையடிப்பார். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர்தான். இப்போது அந்தத் திமிரை நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அண்ணிக்கு ஒரே ஓர் ஆசை. நாட்டுக்காக ஒருமுறை பேட் பிடிக்க வேண்டும். நூறு அடிக்க வேண்டும், கோப்பை வாங்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. அதைப் பேராசை என்று சொல்கிறவர்கள் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

எங்கள் பிராந்தியத்துத் தகுதிச் சுற்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். எட்டு அணிகள், இரண்டு பிரிவு. பிரிவில் முதலாவதாக வருகிற அணி அடுத்த சுற்றுக்குப் போகும். உலகக் கோப்பை எல்லாம் அதற்கும் அப்பால், எட்டாத உயரத்தில். முதல் முறை அண்ணி போனபோது பத்து நாளும் தண்ணீர் பாட்டில் தூக்கினார். இரண்டாம் முறை, விளையாட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் வலைப்பயிற்சியில் கட்டைவிரல் உடைந்தது. எலும்பு விலகி நின்றதை நான் பார்த்தேன். அப்போதும் அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மறுநாள் ஒற்றைக் கையால் தண்ணீர் பாட்டில் தூக்கினார்.

மூன்றாவது முறை கிளம்பும்போது அவருக்கு முப்பத்தேழு வயது. கோச் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றாலும் இளம்பெண்களைத்தான் கூட்டிப் போகச் சொல்லி மேலிடத்து உத்தரவு, இதுதான் உங்களுக்குக் கடைசி என்று. அண்ணி சரி என்று சொல்லிவிட்டு, கோச் தன் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் தூண் இருக்கிறது, பார்த்து எடுங்கள் என்றார்.

எங்கள் பிரிவில் மூன்று ஆட்டம். முதலாவதில் ஜெயித்தோம், இரண்டாவதில் மயிரிழையில் தோற்றோம். இரண்டிலும் அண்ணி வெளியேதான். மூன்றாவதில் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. மழையால் ஆட்டம் நின்று ஆளுக்கு ஒரு புள்ளி என்று பிரித்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் எங்கள் ஒன் டவுன் ஆட்டக்காரி, நர்ஸ், படியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். தொடக்க ஜோடியில் ஒருத்தி அவுட் ஆனதும் அடுத்து இறங்க வேண்டிய இடம் அது. கோச் அறைக்கு வந்து அண்ணியிடம் அந்த இடத்தைக் கொடுத்தார்.

நானும் அண்ணியும் ஒரே அறை. கோச் போனதும் அண்ணி கட்டிலில் உட்கார்ந்து காலில் பேடைக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். வீட்டுக்குப் போன் போட்டோம். கிரிக்கெட் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற என் அம்மா, அது எத்தனை மணிக்கு, எந்தப் பட்டனை அமுக்கினால் போனில் வரும் என்று கேட்டாள். அவுட் ஆகாமல் ஆடு என்று மருமகளுக்குப் புத்திமதி வேறு. அண்ணிக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

எதிரணி புதிய அணி. பாவம், பாதிப் பேருக்குப் பந்தைப் பிடிக்கவே வரவில்லை. நாங்கள்தான் முதலில் பேட்டிங். எங்கள் தொடக்க ஜோடி ஒரு டீச்சரும் ஒரு கல்லூரிப் பெண்ணும். இரண்டு பேரும் வெளுத்து வாங்கினார்கள். பவுண்டரிக் கயிற்றோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணி பேடு கட்டி, கையுறை மாட்டி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்து உயரே போகும் ஒவ்வொரு முறையும் பாதி எழுந்திருப்பார். எதிரணிக்காரி கேட்ச்சை விடுவாள், அண்ணி உட்கார்ந்து கைதட்டுவார். மேலே ஸ்கோர் அறையின் ஜன்னலிலிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன். எங்கள் பெண் அவுட் ஆக மாட்டாளா என்று நானே ஒருமுறை வேண்டிக்கொண்டேன். ஸ்கோரர் இப்படி வேண்டலாமா? வேண்டினேன், அவ்வளவுதான்.

பதினாறு ஓவர். விக்கெட் இழப்பில்லாமல் நூற்றெழுபத்தெட்டு.

அப்போதுதான் அந்த நாசமாய்ப் போன மேகம். மைதானத்துக்குப் பின்னால் கறுப்பாக ஏறிக்கொண்டு வந்தது. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மழை பிடிக்கும், பிடித்தால் விடாது என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எதிரணி ஐந்து ஓவராவது ஆடியிருந்தால்தான் முடிவு உண்டு. இருபது ஓவர் ஆட்டத்தில், போதும், நாங்கள் முடித்துக்கொள்கிறோம் என்று சொல்ல விதியில் இடமில்லை. ஒன்று இருபது ஓவரையும் ஆட வேண்டும், இல்லை பத்துப் பேரும் அவுட் ஆக வேண்டும். அடிக்கிறவர்களை ஸ்டம்பை விட்டு நகரச் சொன்னாலும், பந்தை ஸ்டம்பில் போடவே அந்தப் பிள்ளைகளுக்கு அரை நாள் ஆகும். எங்கள் கோச் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஆட்டக்காரி தானாகவே வெளியே வந்துவிட்டால் அது ரிட்டயர்டு அவுட், அவுட் கணக்கில் சேரும். ஆகவே இரண்டு பேரும் வெளியே வரட்டும், அடுத்த இரண்டு பேர் போய்த் திரும்பட்டும், அதற்கடுத்தவர்களும் அப்படியே. பத்து விக்கெட்டும் எட்டு நிமிடத்தில் விழுந்துவிடும்.

கோச் என் ஜன்னலுக்குக் கீழே ஓடிவந்தார். கொஞ்சம் தள்ளி, கயிற்றோரம், பேடு கட்டிய காலோடு அண்ணி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு ஓவர் ஆட டைம் இருக்கா?" என்று கோச் கேட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளே போய் வெளியே வர எட்டு நிமிடம், இடைவேளை இருபது, அவர்களின் ஐந்து ஓவருக்கு இருபத்திரண்டு. கூட்டினேன், மூன்று பத்திலிருந்து கழித்தேன். இரண்டு நிமிடம் மிச்சம் வந்தது. ஓர் ஓவருக்கு நான்கு நிமிடம் வேண்டும்.

"ஒரு ஓவருக்கு டைம் இல்ல," என்றேன்.

"கண்டிப்பா?"

"கண்டிப்பா இல்ல."

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் திரும்பி அண்ணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அண்ணி ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினார்.

டீச்சரும் கல்லூரிப் பெண்ணும் வெளியே வந்தார்கள். அண்ணியும் கேப்டனும் உள்ளே போனார்கள். ஓடுங்கள், ஓடுங்கள் என்று கோச் கத்தினார். கேப்டன் ஓடினாள். அண்ணி நடந்தார். வெயிலுக்குக் கண் பழகுவதற்காக மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டு, பேட்டை ஒரு சுற்றுச் சுற்றி, நிஜமாகவே ஆடப் போகிறவர் எப்படி நடப்பாரோ அப்படி நடந்தார். கிரீஸுக்குப் போய் நின்று பேட்டை நேராகப் பிடித்து, அம்பயரிடம் மிடில் ஸ்டம்ப் கார்டு கேட்டார். பேட் மிடில் ஸ்டம்புக்கு நேராக இருக்கிறதா என்று அம்பயர் பார்த்துச் சொல்வதுதான் கார்டு. பந்து போடப் போவதில்லை என்று அந்த அம்பயருக்குத் தெரியும். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு, குனிந்து பார்த்து, கொஞ்சம் இந்தப் பக்கம் என்று விரலை அசைத்தார். அந்தப் பெண்மணி நன்றாக இருக்கட்டும். அண்ணி அந்த இடத்தில் காலால் கோடு கிழித்தார். பிறகு நின்று, எந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் பக்கம் பந்து கையில் இருந்த சின்னப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, போடவா வேண்டாமா என்று விழித்தாள். கேப்டன் வந்து அண்ணியின் முழங்கையைத் தொட்டாள். அண்ணி திரும்பினார்.

கார்டு எடுத்த அந்த நேரத்துக்குள் ஒரு பந்தைப் போட்டு முடித்திருக்கலாம். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அண்ணியின் பெயருக்கு நேராக நான்தான் எழுதினேன். ரிட்டயர்டு அவுட். ரன் பூஜ்யம், பந்து பூஜ்யம். அடுத்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள், நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. என் கையெழுத்து அன்றைக்கு மிக நன்றாக இருந்தது.

பிறகு நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எதிரணி பதினோரு ஓவரில் இருபத்தொன்பதுக்குச் சுருண்டது. மழை வரவில்லை. மூன்று பத்துக்கு வரவில்லை, நான்கு மணிக்கு வரவில்லை, அன்றைக்கு முழுவதும் ஒரு சொட்டு விழவில்லை. மேகம் தலைக்கு மேலே வந்து, எங்களை எட்டிப் பார்த்துவிட்டு, வேறு எங்கோ போனது. வெயில் அடித்தது. எங்கள் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், அடுத்த சுற்று, அடுத்த சுற்று என்று கத்தினார்கள். போட்டோவில் அண்ணி நடுவில் நின்று சிரிக்கிறார். பேடைக்கூட அவிழ்க்கவில்லை என்று கேலி செய்து அவிழ்த்துவிட்டது அந்த நர்ஸ்தான்.

வீட்டுக்கு வந்ததும் என் அம்மா வாசலிலேயே மறித்தாள். அவளுக்குக் கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. தண்ணீர் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பதினாறு ஓவரும் பார்த்திருக்கிறாள். மருமகள் பெயர் திரையில் வந்தது, உடனே அவுட் என்று வந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை.

"உன்னை யாரு அவுட் பண்ணுனது?" என்று கேட்டாள். "பால் போடாமலே அவுட்டா? இது எந்த ஊரு நியாயம்?"

"யாரும் பண்ணல அத்தை. நானாத்தான் வந்தேன்," என்றார் அண்ணி.

அண்ணன் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அம்மா விடவில்லை, நீயாக ஏன் வந்தாய், வந்து என்ன கண்டாய் என்று அடுப்படி வரைக்கும் பின்னாலேயே போனாள். இத்தனை வருடம் அந்த பேட்டைக் கரித்துக்கொட்டியவள் அவள்தான். அண்ணி ஜெயிச்சோமே அத்தை, ஜெயிச்சோமே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த சுற்றுக்கான பெயர்கள் வந்தபோது அண்ணியின் பெயர் இல்லை. இருக்காது என்று தெரிந்ததுதான். கீழே ஸ்கோரர் என்று என் பெயர் இருந்தது. அண்ணி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு எனக்குக் கை கொடுத்தார். கை கொடுத்தாரே, அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த மாதத்தில்தான் எனக்கு வண்டி பழக்கியே தீருவது என்று அவர் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நாள் பஸ்ஸுக்கு நிற்பாய் என்று. அதே பர்னிச்சர் கடை பார்க்கிங். நான் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்தில், கால் பிரேக்கில். ஆரஞ்சுக் கூம்புகளை ரிவர்ஸ் எடுக்க வரிசையாக வைத்திருந்தார். ஒன்றின் கழுத்தில் பந்து பட்டுப் பட்டு நிறம் போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணி, அன்னைக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது," என்றேன்.

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோச் ஓர் ஓவர் கேட்டதை, ஓர் ஓவருக்கு இடமில்லாததை, மிச்சத்தை நான் வாய் திறந்து சொல்லாததை. அவர் முன் கண்ணாடி வழியாகக் கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பால் போட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"முப்பது, முப்பத்தஞ்சு செகண்ட்."

"நான் ஓவர் கேக்கலம்மா," என்றார் அண்ணி. "கோச்கிட்ட ஒரே ஒரு பால்தான் கேட்டேன். அவரு உன்கிட்ட வந்து ஓவர்னு கேட்டுட்டாரு. எனக்குக் காதுல விழுந்தது."

"அப்பவே சத்தம் போட்டிருக்கலாமே அண்ணி. ஒரு பால்னு ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே."

"நீ கண்டிப்பா இல்லன்னு சொன்னியே. நீ சொன்னா அதுல ஒரு செகண்ட் கூட மிச்சம் இருக்காதுன்னு நினைச்சேன்."

"கணக்கு சரிதான் அண்ணி," என்று என் வாய் தானாகச் சொன்னது. அந்த நேரத்திலும் சொன்னது. "நான் கணக்குல தப்பு பண்ணல."

"பண்ணல," என்றார். "சரியாத்தான் சொன்ன."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். விரல் உடைந்தபோது அழாதவர், தண்ணீர் பாட்டில் தூக்கும்போது அழாதவர், டேஷ்போர்டில் இரண்டு கையையும் வைத்து அதில் நெற்றியை வைத்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு பால்தானே, ஒரு பால்தானே என்று அவர் சொன்னது எனக்குச் சொன்னதில்லை, யாருக்குச் சொன்னார் என்றும் தெரியவில்லை. நான் அவர் முதுகில் கையை வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மன்னிச்சிருங்க அண்ணி என்று எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை. எதையும் எண்ணாமல் இருந்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வகுப்புக்கு ஆள் வந்துவிடுவார்கள் என்றார்.

"கிளட்ச்ச மிதி. கியரப் போடு. மெதுவா விடு."

மிதித்தேன், போட்டேன், அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே மெதுவாக விட்டேன். வண்டி நகரவில்லை. ஒருமுறை உதறிவிட்டு அணைந்தது. என்ன தப்புச் செய்தேன் என்று கீழே குனிந்து பார்த்தேன். அண்ணியின் கால் இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.